இந்த மரம் எங்கே வளர்ந்தது?

வீடு கட்டுகிறவர்கள் மரவாடியில் கேட்க மறக்கும் கேள்வி

வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகி விட்டது. அடுத்து வாசல் நிலை வைக்க வேண்டும்.

கணவனும் மனைவியும் நல்ல நாள் பார்த்து மரவாடிக்குப் போகிறார்கள். துணைக்கு ஆசாரியும் வருகிறார்.

"அசல் பர்மாத் தேக்கு அய்யா! நூறு வருஷத்துக்கு அசையாது!" என்கிறார் கடைக்காரர்.

ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்க்கிறார். வைரம் பாய்ந்திருக்கிறதா, வெள்ளை எவ்வளவு, முடிச்சு உண்டா, வெடிப்பு உண்டா என்று பார்க்கிறார். கணவன், "கன அடி என்ன விலை?" என்று கேட்கிறார். மனைவி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே" என்கிறார்.

எல்லாக் கேள்வியும் கேட்டாகி விட்டது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"இந்த மரம் எங்கே வளர்ந்தது?"

மாம்பழம் வாங்கினால் சேலத்துப் பழமா என்று கேட்கிறோம். வெற்றிலை வாங்கினால் கும்பகோணம் வெற்றிலையா என்று கேட்கிறோம். ஒரு நாளில் தின்று தீர்க்கும் பொருளுக்கு ஊர் கேட்கிறோம். பேரன் காலம் வரை நிற்கப் போகும் மரத்துக்கு ஊர் கேட்பது இல்லை.

இனிமேல் கேட்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

குடத்துத் தண்ணீர்

"மரம் எங்கே வளர்ந்தால் எனக்கு என்ன? நிலை உறுதியாக இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம்.

நம் வீட்டுக் குடத்தில் இருக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காவிரி, குடகு மலையில் பிறக்கிறது. பவானி, நீலகிரியில் இருந்து வருகிறது. வைகை, வருசநாட்டு மலையில் இருந்து வருகிறது. தாமிரபரணி, பொதிகை மலையில் இருந்து வருகிறது.

இந்த மலைகளில் எல்லாம் காடு இருக்கிறது. அங்கே மழை கொட்டும்போது முதலில் இலை தாங்குகிறது. பிறகு தரையில் கிடக்கும் சருகு தாங்குகிறது. வேர் ஓடிய மண்ணுக்குள் தண்ணீர் மெல்ல இறங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாகக் கசிகிறது. மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான்.

அந்தக் காட்டை மொட்டை அடித்தால் என்ன ஆகும்? மழைத் தண்ணீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி விடும். அந்த மண் அணைக்கட்டில் போய்ப் படியும். மழைக் காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி. இரண்டு கஷ்டமும் கீழே இருக்கிற ஊர்களுக்குத்தான்.

உருண்டு வந்த தடிகள்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தாய்லாந்து நாட்டு மக்கள் இதைக் கண்ணால் கண்டார்கள்.

1988-ம் ஆண்டு நவம்பர் மாதம். தெற்குத் தாய்லாந்தில் பெருமழை பெய்தது. காடு அழிக்கப்பட்டிருந்த மலைச் சரிவுகள் இடிந்து விழுந்தன. வெட்டிப் போட்டிருந்த மரத் தடிகள் வெள்ளத்தோடு உருண்டு வந்தன. வீடுகளை நொறுக்கின. நூற்றுக்கணக்கான பேர் மாண்டு போனார்கள்.

நாடே கொதித்தது. 1989 ஜனவரியில் தாய்லாந்து சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. இயற்கையாக வளர்ந்த காடுகளில் இனி வியாபாரத்துக்கு மரம் வெட்டக் கூடாது என்பதே அந்த உத்தரவு.

நல்ல உத்தரவுதான். ஆனால் மர வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மா இருக்கிறது. அங்கே தேக்குக் காடு இருக்கிறது. தாய்லாந்துக் கம்பெனிகள் பர்மா எல்லையில் மரம் வெட்ட அனுமதி வாங்கின. ஒரு நாட்டில் நின்ற கோடரி அடுத்த நாட்டில் விழத் தொடங்கியது.

செட்டிநாட்டுத் தூண்கள்

பர்மாத் தேக்கு என்றால் நமக்குத் தனி மோகம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பாருங்கள். நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளில் வழுவழுப்பாக நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. பர்மாவில் லேவாதேவி செய்தவர்கள் அங்கிருந்து கப்பலில் மரம் கொண்டு வந்தார்கள். நூறு ஆண்டு கடந்த பிறகும் அந்தத் தூண்களில் பல அப்படியே நிற்கின்றன.

தேக்கு, உலகம் முழுவதும் தானாக வளரும் மரம் அல்ல. இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நான்கு நாடுகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. மற்ற நாடுகளில் இருப்பது எல்லாம் மனிதர் கொண்டு போய் நட்டது.

அந்தக் காலத்தில் பர்மாவில் தேக்கு வெட்ட ஒரு முறை இருந்தது. 1856-ல் பெகுப் பகுதிக் காடுகளுக்கு டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் அதிகாரியாக வந்தார். கண்டபடி வெட்டினால் மரம் தீர்ந்து விடும் என்று அவர் கண்டார். மரங்களை எண்ணச் செய்தார். எத்தனை மரம் வளர்கிறதோ அந்தக் கணக்குக்கு உட்பட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று விதி செய்தார்.

பின்னர் அது நல்ல ஒழுங்காக வளர்ந்தது. காட்டை முப்பது பகுதியாகப் பிரிப்பார்கள். ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டும் வெட்டுவார்கள். அதே இடத்துக்கு மறுபடி கோடரி வர முப்பது ஆண்டு ஆகும். குறிப்பிட்ட பருமன் இல்லாத மரத்தைத் தொட மாட்டார்கள்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் வெட்டப் போகும் மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளையையும் சுற்றிலும் செதுக்கி விடுவார்கள். மரம் நின்றபடியே காயும். மூன்று ஆண்டு கழித்து வெட்டுவார்கள். யானை இழுத்து வந்து ஓடையில் தள்ளும். ஆறு சுமந்து போகும்.

வெள்ளைக்காரருக்குக் காட்டின் மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். மரம் தீர்ந்தால் வருமானம் தீர்ந்து விடும் என்ற கணக்குத்தான். ஆனாலும் கணக்கு சரியான கணக்கு. வட்டியைச் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக் கூடாது. லேவாதேவி செய்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

முதலில் கை வைத்தார்கள்

பிற்காலத்தில் பர்மாவில் அந்த ஒழுங்கு குலைந்தது. பணம் தேவைப்பட்டபோது எல்லாம் அளவுக்கு மேல் வெட்டினார்கள். கள்ளத்தனமாகவும் வெட்டினார்கள்.

மியான்மர் என்று பெயர் மாறிய அந்த நாடு, 2014 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து அறுக்காத மரத் தடிகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. அறுத்த மரத்தை மட்டும் அனுப்பலாம் என்றது.

2021 பிப்ரவரி முதல் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மர ஏற்றுமதி முழுவதும் அங்கே சர்க்கார் நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. மரம் விற்ற பணம் ராணுவ ஆட்சிக்குப் போகிறது என்று சொல்லி, அந்த நிறுவனத்தின் மேல் 2021 ஏப்ரலில் அமெரிக்கா தடை போட்டது. ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டது. இந்தியா அப்போது அப்படித் தடை போடவில்லை.

ஆகவே நம் ஊர் மரவாடியில், "புதுசா வந்த பர்மாத் தேக்கு" என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. "அறுக்காத முழுத் தடி, இப்போதுதான் கப்பலில் இறங்கியது" என்று சொன்னால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கூடலூர் வழக்கு

வெளிநாட்டுக் கதை போதும். நம் கதை என்ன?

நீலகிரி ஜில்லாவில் கூடலூர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளில் மரங்கள் சாய்க்கப்படுவதை ஒருவர் பார்த்தார். அவர் பெயர் கோதவர்மன் திருமுல்பாடு. கேரளத்தில் நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் மனம் பொறுக்கவில்லை. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்.

1996 டிசம்பர் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. அது கூடலூரோடு நிற்கவில்லை. நாடு முழுவதையும் பிடித்துக் கொண்டது.

காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் காடு காடுதான் என்றது கோர்ட்டு. மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றது. காட்டுக்குள் நடந்த மர அறுவை ஆலைகளையும் நிறுத்தச் சொன்னது.

ஒரு தனி மனிதர் போட்ட மனு. எத்தனையோ லட்சம் மரங்கள் தப்பின. கோதவர்மன் 2016-ல் காலமானார். அவர் பெயரால் நடக்கும் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குப் பிறகும் உத்தரவுகள் போட்டு வந்திருக்கிறது.

நல்லது. நம் காட்டுக்கு வேலி போட்டாகி விட்டது. ஆனால் வீடு கட்டுவது நின்றதா? கதவு செய்வது நின்றதா? கட்டில், பீரோ செய்வது நின்றதா? இல்லை. நாடு வளர வளர மரத்தின் தேவையும் வளர்ந்தது.

அந்த மரம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கப்பலில் வந்தது. பர்மாவில் இருந்தும், மலேசியாவில் இருந்தும், ஆப்பிரிக்காவில் இருந்தும் தூத்துக்குடி முதலிய துறைமுகங்களில் வந்து இறங்கியது. தாய்லாந்து செய்ததையே நாமும் செய்தோம். நம் வீட்டுக் கூரை பத்திரம். அடுத்த வீட்டுக் கூரையைப் பிரிக்கிறோம்.

வெளிநாட்டு மரம் எல்லாம் கெட்ட மரம் என்று சொல்ல வரவில்லை. கானா நாட்டுத் தேக்கு, அங்கே தோட்டத்தில் நட்டு வளர்த்தது. நம் நாட்டு மரம் எல்லாம் நல்ல மரம் என்றும் சொல்ல முடியாது. காட்டில் திருடிய மரமும் நம் நாட்டு மரம்தானே! நாட்டின் பெயர் மட்டும் போதாது. எந்த இடத்தில், யார் வளர்த்து, யார் அனுமதியோடு வெட்டியது என்று தெரிய வேண்டும்.

மரமே வேண்டாமா?

"அப்படியானால் மரமே வாங்காமல் இரும்பு நிலை, அலுமினிய ஜன்னல் என்று போய் விடலாமே?" என்று சிலர் கேட்பார்கள்.

அதுவும் முழு வழி அல்ல. இரும்பை உருக்கவும், அலுமினியம் பிரிக்கவும் ஏராளமான நெருப்பும் மின்சாரமும் வேண்டும். சிமெண்டை எடுத்துக் கொள்ளுங்கள். உலகம் முழுவதும் மனிதர் வெளியே விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்டு செய்வதால் வருகிறது.

மரம் அப்படி அல்ல. வளரும்போது அது கரியமில வாயுவை இழுத்துக் கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. நூறு கிலோ எடையுள்ள கதவு, ஐம்பது கிலோ கரியைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. கதவு இருக்கும் வரை அந்தக் கரி காற்றில் கலக்காது.

ஆகவே மரம் நல்ல பொருள். ஒரே ஒரு நிபந்தனை. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர வேண்டும்.

இதற்கும் நம் பக்கத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. கோதவர்மன் பிறந்த அதே நிலம்பூர்! கப்பல் கட்டுவதற்காக மலபார்க் காட்டுத் தேக்கை வெட்டித் தீர்த்து விட்டார்கள். 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, "இனி நட்டு வளர்ப்போம்" என்று முடிவு செய்தார். நட்டு வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன் என்ற நம் நாட்டு அதிகாரி. உலகத்தின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் அதுதான். அப்போது நட்ட மரங்களில் சில இன்றும் நிற்கின்றன. போய்ப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. தேக்குத் தோட்டம் காடு ஆகாது. காட்டில் நூறு வகை மரம், கொடி, பறவை, விலங்கு உண்டு. தோட்டத்தில் ஒரே மரம்தான். காட்டை அழித்துத் தோட்டம் போட்டால் அது லாபம் அல்ல, நஷ்டம். ஏற்கனவே உழுத நிலத்திலும், வரப்பிலும், தரிசிலும் மரம் வளர்த்தால்தான் லாபம்.

வயலில் விளையும் மரம்

இதைத்தான் 1988-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட வனக் கொள்கையும் சொல்கிறது. நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடும் மரமுமாக இருக்க வேண்டும்; தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைக் காட்டில் எதிர்பார்க்காமல், விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக் கொள்ள வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை.

2023-ம் ஆண்டுக்கான வன அறிக்கைப்படி, நாட்டில் காடும் மரமும் சேர்ந்து நூற்றுக்கு 25 பங்குதான். இன்னும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க விவசாயி மரம் நட வேண்டும். அவர் நட வேண்டுமானால் அவர் மரத்தை நாம் வாங்க வேண்டும்.

நம் ஊர் நிலத்தில் என்ன மரம் கிடைக்கிறது? நம் தாத்தா காலத்து ஆசாரிகளைக் கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்கள்.

வேம்பு: பூச்சி எளிதில் அண்டாது. நிலைக்கும் ஜன்னலுக்கும் ஆகும்.

பூவரசு: ஏழைகளின் தேக்கு என்று பெயர் வாங்கியது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் ஏற்றது.

பலா: தஞ்சாவூர் வீணை செய்யும் மரம். மஞ்சள் நிறம். கதவுக்கும் அழகு.

கருவேலம்: வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் உழைத்த மரம். மிகவும் கெட்டி.

தென்னை: காய்ப்பு ஓய்ந்த முதிர்ந்த மரத்தின் வெளிப்பகுதி கெட்டியானது. கூரைச் சட்டத்துக்கு உதவும்.

ரப்பர் மரம்: கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால் எடுக்க வளர்ப்பது. 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டி விட்டுப் புதுக் கன்று நடுவார்கள். ஒரு காலத்தில் விறகாகப் போனது. இப்போது பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிக் கட்டில், மேஜை செய்கிறார்கள். மழையில் நனையும் இடத்துக்கு மட்டும் ஆகாது.

மலை வேம்பு: வேகமாக வளர்வது. தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் பிளைவுட் கம்பெனிகளுக்காக வளர்க்கிறார்கள்.

தேக்குத்தான் வேண்டும் என்றால், விவசாயி நிலத்தில் வளர்த்த நாட்டுத் தேக்கும் உண்டு. இளம் மரமானால் வைரம் குறைவாக, வெள்ளை அதிகமாக இருக்கும். நல்ல ஆசாரியை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

"வேப்ப மரத்தில் நிலையா? உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்ற கவலை வேண்டாம். தேக்கு வாங்கக் கடன் வாங்கி, கடனுக்கு வட்டி கட்டி, அதன் பிறகு உறவுக்காரரைத் திருப்திப்படுத்துவதை விட இது எவ்வளவோ மேல்!

முத்திரை என்ன சொல்கிறது?

பிளைவுட், மேஜை, நாற்காலி, சில நோட்டுப் புத்தகங்களில் கூட ஒரு சிறு முத்திரை இருக்கும். மரப் படம், பக்கத்தில் சரி என்ற குறி. கீழே எப்.எஸ்.சி. என்று எழுதியிருக்கும்.

இது 1993-ல் தொடங்கிய சர்வதேச அமைப்பின் முத்திரை. 1999-ல் தொடங்கிய பி.இ.எப்.சி. என்ற இன்னோர் அமைப்பும் உண்டு. காட்டையோ தோட்டத்தையோ ஆட்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். அளவோடு வெட்டுகிறார்களா, மறுபடி வளர விடுகிறார்களா, அங்கே வாழும் மக்களின் உரிமையை மதிக்கிறார்களா, கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று சோதிக்கிறார்கள். பிறகுதான் சான்று.

அது மட்டும் போதாது. வழியில் வேறு மரம் கலந்து விட்டால்? அதனால் அறுவை ஆலை, வியாபாரி, தொழிற்சாலை என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கணக்கு இருக்க வேண்டும். ஒரு கை விட்டுப் போனாலும் முத்திரை போட முடியாது.

நம் மத்திய சர்க்காரும் 2023 டிசம்பரில் இந்தியாவுக்கு என்றே ஒரு சான்றுத் திட்டம் தொடங்கியது. காட்டு மரத்துக்கு மட்டும் அல்ல. விவசாயி நிலத்தில் வளர்த்த மரத்துக்கும் அதில் இடம் உண்டு.

முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கூடாது. பொய்ச் சரக்கு எங்கும் உண்டு. முத்திரைக்குப் பக்கத்தில் எண் இருக்கும். அந்த எண் உண்மையா என்று படித்த பிள்ளைகளை விட்டு இன்டர்நெட்டில் பார்க்கச் சொல்லலாம். முத்திரை இல்லாத மரம் எல்லாம் திருட்டு மரமும் அல்ல. பக்கத்து ஊர் விவசாயி வெட்டி விற்ற வேம்புக்கு யார் முத்திரை போடப் போகிறார்கள்? அவர் முகமே முத்திரை.

ஐந்து கேள்விகள்

மரவாடியில் என்ன கேட்க வேண்டும்? இதைக் கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1. இது என்ன மரம்? "முதல் தர மரம்", "வெளிநாட்டு மரம்" என்ற பதில் போதாது. மரத்தின் பெயர் வேண்டும். பில்லிலும் அந்தப் பெயர் எழுத வேண்டும்.

2. எங்கே வளர்ந்தது? எந்த நாடு, எந்த ஜில்லா? காடா, தோட்டமா, விவசாயி நிலமா?

3. மரம் கொண்டு வந்ததற்கு அனுமதிச் சீட்டு உண்டா? மரத்தை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போகத் தமிழ்நாட்டில் 1968-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. சில மரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எந்த மரத்துக்குச் சீட்டு வேண்டும் என்று பக்கத்து வன இலாகா அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

4. சான்று பெற்ற மரமா? ஆம் என்றால் எண் என்ன?

5. காய்ந்த மரமா? ஈரம் நூற்றுக்கு 12 பங்கு அளவுக்கு வற்றியிருந்தால் நல்லது. பச்சை மரம் வாங்கினால் நிலை முறுக்கும், கதவு மூடாது. பத்து ஆண்டில் தூக்கி எறிந்து வேறு மரம் வாங்க நேரும். அதுவும் காட்டுக்கு நஷ்டம்தான்.

ஈட்டி மரம் என்கிற தோதகத்தி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அந்த மர இனம் முழுவதையும் 2017 முதல் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தில் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு அருகி விட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நல்ல மரம் வாங்குவது ஒரு வழி. குறைவாக வாங்குவது இன்னொரு வழி.

ஏழு அடி உயரம், நான்கு அடி அகலம் உள்ள நிலைக்குச் சுற்றிலும் 22 அடி சட்டம் வேண்டும். சட்டம் ஐந்து அங்குலத்துக்கு நான்கு அங்குலம் என்றால் 3 கன அடிக்குச் சற்று அதிகமாக மரம் பிடிக்கும். நான்குக்கு மூன்று அங்குலம் என்றால் 2 கன அடிக்கும் குறைவுதான். ஒரு நிலையிலேயே ஒரு கன அடிக்கு மேல் மிச்சம்!

தலை வாசலுக்குப் பருமனான நிலை வையுங்கள். அது முறை. அறைகளுக்கும் ஜன்னல்களுக்கும் அதே பருமன் வேண்டுமா என்று ஆசாரியைக் கேளுங்கள்.

பழைய மரத்தையும் மறக்க வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல தூண், உத்தரம், கதவு கிடைக்கும். காரைக்குடியில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. நூறு ஆண்டு காய்ந்த மரம் இனி முறுக்கப் போவது இல்லை. கரையான் அரித்திருக்கிறதா, உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதற்காக எந்தக் காட்டிலும் புதிதாக ஒரு மரம் சாய வேண்டியது இல்லை.

ஒருவர் கேட்டால் போதுமா?

மறுபடி அந்த மரவாடிக்கு வருவோம்.

மனைவி கேட்கிறார்: "அண்ணே, இந்த மரம் எங்கே வளர்ந்தது?"

கடைக்காரர் விழிக்கிறார். "இதுவரை யாரும் இப்படிக் கேட்டது இல்லையே அம்மா!"

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. அதனால் அவரும் தமக்கு மரம் விற்றவரிடம் கேட்கவில்லை. அவர் தமக்கு முன்னால் இருந்தவரிடம் கேட்கவில்லை. கடைசியில் கோடரி பிடித்தவரையும் யாரும் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இரண்டு பேர் கேட்டால் யோசிப்பார். பத்துப் பேர் கேட்டால் அடுத்த லோடு வரும்போது அவரே சீட்டைக் கேட்டு வாங்கி வைப்பார். வியாபாரிக்கு வேண்டியது வாடிக்கை. வாடிக்கைக்காரர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் அவர் தேடுவார்.

கூடலூர்க் காட்டுக்காகக் கோதவர்மன் டெல்லி வரை போய்க் கேட்டார். நாம் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மரவாடி வரை போனால் போதும்.

நிலை வைக்கும் நாளில் மஞ்சள், குங்குமம் இடுவோம், பூச் சுற்றுவோம், விழுந்து கும்பிடுவோம். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் பிள்ளைகள் கேட்டால், கூச்சம் இல்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

"நம்ம பக்கத்து ஊர் வேம்பு கண்ணு! வெட்டின இடத்துல வேற கன்னு நட்டாச்சு!"